அலமாரிக் கதவில் பனிமலை

அந்த வீட்டில் பனிமலை இருந்தது துணி அலமாரிக் கதவின் உள்பக்கத்தில். வெளியே ஒட்டினால் வருகிறவர் போகிறவரெல்லாம் படித்துவிட்டு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள் என்று பயந்து அவள் உள்ளே ஒட்டியிருந்தாள். சட்டைகளை மடித்துச் சுற்றுகிற பழுப்புத் தாள், கதவு நீளத்துக்கு. அதில் ஆறு நாள் பயணம் கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. கதவைத் திறந்தால் உறைந்த ஏரி, சறுக்கு வண்டி, மலை உச்சியில் சூரியோதயம். மூடினால் மாடிப்படியில் யாரோ வாளியை இழுக்கிற சத்தம். காலையில் துணி எடுக்கப் போனவள், எதற்குத் திறந்தோம் என்பதே மறந்து அப்படியே நின்றுவிடுவாள். பள்ளிக்குக் கிளம்பிய மகள் வந்து, "அம்மா, ஏரியிலேருந்து வெளியே வா, பஸ் வந்துடும்" என்று இழுத்துக்கொண்டு போவாள்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் அவள் வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு உருளையில் வேலை. அந்த உருளையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு ஆள் நீளத்துக்கு இரும்பு. உள்ளே நீராவி ஓடும். ஈரமான படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் நுனி பிடித்துக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து, ஒரு சுருக்கமில்லாமல் வழிந்து வரும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. கோடையில் அந்தக் கூடத்துக்குள் போனவர் யாரும் போன முகத்தோடு திரும்பியதில்லை. மேலாளர்கூட வாசலில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டி ஏதாவது கத்திவிட்டு ஓடிவிடுவார்.

கோட்டு வந்தால் பைகளைத் துழாவிவிட்டுத்தான் சலவைக்குப் போட வேண்டும் என்பது அங்கே விதி. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படித் துழாவியபோது ஒரு மடித்த தாள் கிடைத்தது. ஏதோ மலையில் ஏதோ ஒரு விடுதியின் விளம்பரம். கூரை மேல் ஒரு முழத்துக்குப் பனி, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம், வாசலிலிருந்து யாரோ நடந்து போன காலடித் தடம். அறைக்குச் சொல்லி அனுப்பினால், தூக்கிப் போடுங்கள் என்று பதில் வந்தது. அந்த மனிதருக்கு என்ன போச்சு. அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு உருளைக்கு வந்தாள். அன்றையிலிருந்து விரிப்பு வழிந்து வரும்போதெல்லாம் அவளுக்கு அது விரிப்பாகத் தெரியவில்லை. வெள்ளை ஒரு சரிவாக இறங்கி வரும். அதன் மேல் அவள் நடப்பாள், கால் புதையும், சத்தமே இருக்காது. காது அடைத்துப்போகிற அந்த உருளைச் சத்தத்துக்கு நடுவில் அவள் மட்டும் அவ்வளவு அமைதியாக இருப்பாள்.

எதிர்ப்பக்கம் நுனி பிடிக்கிறவளுக்கு வானொலி என்று பெயர். நிறுத்தாமல் பேசுவதால் வந்தது. "மலை ஏறினது போதும், இறங்கி வா, விரிப்பு கோணுது" என்று அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சத்தம் போடுவாள்.

இனி வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு எத்தனையோ பொருத்தம் பார்க்கிறோம். இவர்களுக்குத் தட்பவெப்பம் மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். அவர் பதினெட்டு வருஷமாகக் குளிர்கிடங்கில் வேலை பார்க்கிறார். பட்டாணியும் இறாலும் ஐஸ்கிரீமும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் அறை, மைனஸ் இருபது டிகிரி. இவள் வெந்து வருவாள், அவர் விறைத்து வருவார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்தால்தான் வீட்டில் பதமான சூடு இருக்கும் என்று மகள் சொல்வாள். வாயைத் திறந்தால் புகை வருகிற இடத்தில் அவ்வளவு காலம் இருந்ததாலோ என்னவோ, அவர் பேச்சு மிகக் குறைவு. அவள் அந்த விளம்பரத் தாளைக் காட்டி அரைமணி நேரம் பேசியதற்கு "போகலாம்" என்று ஒரே வார்த்தைதான் வந்தது. ஆனால் மறுநாளே பழுப்புத் தாளில் கட்டம் போட்டது அவர்தான். பெட்டிகள் மேல் எழுதிப் பழகிய பெரிய, தெளிவான கையெழுத்து.

முதல் வருஷம் மகளுக்கு அம்மை போட்டது. இரண்டாம் வருஷம் கிடங்கில் விடுப்பு கிடைக்கவில்லை. இந்த வருஷம் ரயில் சீட்டு வந்துவிட்டது, விடுதியில் அறை சொல்லியாகிவிட்டது. காசு எப்படித் தேறியது என்பது பெரிய கதை, அது இப்போது வேண்டாம். இன்னும் ஒரு மாதம்தான். அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, இந்தத் தடவையும் நழுவினால் இனி அந்தக் கதவைத் திறக்க மாட்டேன், துணியை வெளியே கொடியிலேயே போட்டுக்கொள்கிறேன் என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

ஒத்திகை பார்க்கலாம் என்ற யோசனை அண்ணியுடையது. அண்ணி என்றால் வீட்டுக்காரரின் அக்கா, கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறவர், ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர். ஓய்வு பெற்றது பள்ளியிலிருந்துதான், விசிலிலிருந்து இல்லை. இன்றைக்கும் கழுத்தில் தொங்குகிறது. அவரும் பயணத்தில் சேர்த்தி. பயிற்சி இல்லாமல் எந்தப் போட்டிக்கும் போகக்கூடாது, அங்கே போய் விறைத்து நிற்பதைவிட இங்கேயே ஒரு தரம் விறைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். தம்பி வேலை பார்க்கிற இடத்தில் பனிமலையைவிடக் குளிர் அதிகம், நுழைவுச் சீட்டும் கிடையாது. உலகத்தில் வேறு எந்தக் குடும்பத்துக்கும் இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்காது. வீட்டுக்காரர் மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கேட்டு, சரக்கு ஏற்றாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கால்மணி நேரத்துக்கு அனுமதி வாங்கினார். கொளுத்துகிற வெயிலில் நாலு பேரும் கம்பளித் தொப்பி, கம்பளிச் சட்டை, கையுறை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். நடத்துனர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

கிடங்கில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே தனியாக யாரும் போகக்கூடாது, ஜோடி ஜோடியாகத்தான். தன் மூக்கு நுனியைத் தானே பார்க்க முடியாதே. குளிர் கடிக்கிற இடம் வலிக்காது, வெளுக்கும். அடுத்தவர் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். அதனால் கால்மணிக்கு ஒரு தரம் மணி அடிக்கும், அடித்ததும் ஜோடிகள் எதிரெதிரே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். மூக்கு, காது, பிறகு கையுறையைக் கழற்றி விரல். நன்றாக இருந்தால் "சிவப்பு". இல்லையென்றால் "வெள்ளை". வெள்ளை என்று சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே இருவரும் வெளியே. அது முதலாளியாக இருந்தாலும் சரி. விரல் வெளுக்கிற உடம்புக்காரரை அதற்கப்புறம் உள்ளேயே விட மாட்டார்கள், வெளியே வண்டி ஏற்றுகிற வேலைக்கு மாற்றிவிடுவார்கள். "வெள்ளைன்னா வெள்ளைதான், அதுக்கு அப்பீல் கிடையாது" என்று அவர் வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார். பேசாத மனுஷன் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே வாக்கியம் அது என்பதால் எல்லோருக்கும் மனப்பாடம்.

கனத்த கதவு திறந்தது. ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனதும் மூக்குக்குள் ஏதோ சுருக்கென்று ஒட்டிக்கொண்டது. கூரை வரைக்கும் பட்டாணிப் பெட்டிகள், நடுவில் தெரு மாதிரி வழி, தூரத்தில் ஒரு விளக்கு. மகள் ஓடிப் போய்த் தரையில் சறுக்கிப் பார்த்தாள். அண்ணி ஒரு விசில் கொடுத்துவிட்டுக் கையைக் காலை வீசி உடற்பயிற்சியை ஆரம்பித்தார். அவள் மட்டும் நடுவழியில் நின்று மேலே பார்த்தாள். வெளிக்காற்று புகுந்ததில் கூரைக் குழாய்களில் படிந்திருந்த உறைபனி உதிர்ந்து, பொடிப்பொடியாக, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தலையில் விழுந்தது, இமையில் விழுந்தது. பட்டாணியும் பெட்டியும் போய்விட்டன. இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் அந்தப் பாதை, தூரத்து விளக்குதான் விடுதியின் ஜன்னல். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்பது வயதில் முதல் பனி, அதுவும் பட்டாணிக் கிடங்கில்.

அப்போதுதான் மகளின் தொப்பிக் கயிறு அவிழ்ந்தது. கையுறையோடு முடிச்சுப் போட வரவில்லை. அவள் தன் வலது கையுறையைக் கழற்றிவிட்டு மகளுக்குக் கட்டினாள். பாதி முடிச்சில் கயிறு விரலில் இருப்பதே தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். நடுவில் மூன்று விரல், நுனியிலிருந்து இரண்டாம் கணு வரைக்கும், மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்திருந்தது. எப்படியோ முடிச்சை இழுத்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். 

மணி அடித்தது. அண்ணியும் மகளும் எதிரெதிரே நின்று ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துச் சிரித்து, சிவப்பு சிவப்பு என்று கத்தினார்கள். வீட்டுக்காரர் அவள் எதிரில் வந்து நின்றார். மூக்கைப் பார்த்தார், காதைப் பார்த்தார்.

"கை?"

"கை நல்லாத்தான் இருக்கு."

கழற்று என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. அவள் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சிவப்பு" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனார். தப்பித்தோம் என்று அவள் நினைத்தாள். வெளியே வந்ததும் கழிவறைக்குள் போய் வெந்நீர்க் குழாயில் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். உயிர் திரும்பும்போது விரல் அப்படி வலித்தது.

அதற்கப்புறம் அவள் செய்தது முட்டாள்தனம். அவளுக்கே தெரியும், நான் வேறு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்து வந்து, மகள் வருவதற்குள், ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள். பழகினால் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடுவாள். அந்த விடுதியின் வாசல் வரும், காலடித் தடம் வரும், குனிந்து கை நிறைய அள்ளுவாள். கண்ணைத் திறந்தால் மூன்று விரலும் வெள்ளை. நாளுக்கு நாள் குறையவும் இல்லை. மறுநாள் உருளைச் சூட்டில் அதே விரல்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி சிவந்து நிற்கும்.

இந்த நேரத்தில் அலமாரிக் கதவில் வேறொன்று நடக்க ஆரம்பித்தது. ஒத்திகை முடிந்த வாரத்திலேயே, உறைந்த ஏரிக்கு நடை என்ற கட்டத்தை ஒரு கோடு வெட்டியிருந்தது. பக்கத்தில் பெரிய எழுத்தில்: ஏரி, பஸ் ஜன்னலிலிருந்து. நாலு நாள் கழித்துச் சறுக்கு வண்டி போயிற்று. சறுக்கு: அக்காவும் பாப்பாவும். நாங்கள் டீக்கடை. அவள் முதலில் சிரித்துக்கொண்டாள், வயசாகிறது மனுஷனுக்கு என்று. அப்புறம் பனிப் பொம்மை செய்கிற பிற்பகலும் போனபோது சிரிப்பு வரவில்லை. வானொலியிடம் சொன்னாள். வானொலிக்குச் சந்தேகமே இல்லை. வாரம் பூரா குளிரில் சாகிறவருக்கு லீவிலும் குளிர் எதற்கு, வாயால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் பேனாவால் சொல்கிறார், போகப் போகப் பாரு, ரயிலையும் அடித்துவிடுவார் என்றாள்.

அது அவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. விரலை மறைத்த குற்ற உணர்ச்சி ஒரு பக்கம், இவர் இப்படி அறுக்கிறாரே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். இரண்டு வாரம் அவரிடம் அவள் கேட்டதும் சொன்னதும் சாப்பாடு, சாவி, தண்ணீர் மோட்டார், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மகள் கீழே அத்தை வீட்டில் இருந்தாள். அவள் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தாள். ஐந்தாம் நாளின் மேல் கோடு. மலை உச்சியில் சூரியோதயம் வெட்டியிருந்தது. பக்கத்தில்: அறை ஜன்னலில் தெரியும். கட்டில் மேல் கிடந்த பேனாவை எடுத்து அந்தக் கோட்டின் மேலேயே சூரியோதயம், சூரியோதயம் என்று இரண்டு தடவை அழுத்தி எழுதினாள். தாள் கிழிந்தது. அவர் அப்போதுதான் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார்.

"எல்லாத்தையும் ஜன்னல் வழியாத்தான் பார்க்கணும்னா எதுக்கு அவ்வளவு தூரம்? வர இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிடுங்க. நாங்க மூணு பேரும் போய்க்கிறோம்."

அவர் கிழிந்த இடத்தைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"கையைக் காட்டு."

அவள் பேனாவோடு கையைப் பின்னால் கொண்டுபோனாள். பன்னிரண்டு வயது மகள்கூட இப்படிச் செய்ய மாட்டாள்.

"அன்னைக்கே பார்த்தேன்" என்றார் அவர். "பாப்பாவுக்குத் தொப்பி கட்டினியே, அப்போ. மூணு விரல்."

 "அப்புறம் ஏன் சிவப்புன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள் அவள்.

"வெள்ளைன்னு சொன்னா, அதோட முடிஞ்சுது. உன் மூஞ்சியைப் பார்த்தேன். தலையெல்லாம் பனி. சொல்ல முடியலை."

பதினெட்டு வருஷத்தில் வெளுத்த விரலைப் பார்த்துச் சிவப்பு என்று அவர் சொன்னது அது ஒரே ஒரு தடவைதான். அந்தக் கிடங்கில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. ஒத்திகைக்கு அடுத்து வந்த வியாழக்கிழமையே, கிடங்குக்கு வருகிற டாக்டரிடம் போய் நின்றிருக்கிறார். போகலாம், ஆனால் இரட்டைக் கையுறை, ஒரே மூச்சில் இருபது நிமிஷத்துக்கு மேல் வெளியே நிற்கக்கூடாது, கூப்பிடு தூரத்தில் சூடான இடம் இருக்க வேண்டும், கிளம்புவதற்கு முன் ஒரு தரம் அழைத்து வா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் இந்த மனுஷன், போன் மணி அடித்தால் அடுத்த அறைக்குப் போய்விடுகிற மனுஷன், அந்த விடுதிக்கு மூன்று தடவை போன் செய்து விசாரித்திருக்கிறார். ஏரிக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கூரை கிடையாது. சறுக்கு வண்டி கீழே போய்விட்டால் ஏறி வர முக்கால் மணி. உச்சிக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும், அங்கே ஒதுங்க இடமே இல்லை. ஆனால் சறுக்குமேட்டுக்கு எதிரிலேயே ஒரு டீக்கடை, உள்ளே அடுப்பு எரியும். அறை எண் ஏழு என்று கேட்டு வாங்கினால் ஜன்னலிலேயே சூரியன். ஏழாம் எண் அறையையே வாங்கிவிட்டார்.

அவர் ஒரே நாளில் இவ்வளவு பேசியது அவளுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  ஐஸ் கட்டிக் கதையைச் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் கையை எடுத்து, மூன்று விரலையும் ஒவ்வொன்றாக அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார்.

"ஏரி வேணாம்" என்றாள் அவள். "சறுக்கு வேணாம். உச்சியும் வேணாம், ஜன்னலே போதும். ஆனா ஒண்ணு. கையுறை போட்டுக்கிட்டுத் தொடறதுக்கு நான் வரலை. ஒரே ஒரு தடவை வெறுங்கையால அள்ளணும்."

அவர் விரலை விடவில்லை.  அவருக்குள் இருந்த கிடங்குக்காரர் கூடவே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது முகத்திலேயே தெரிந்தது. கீழே அண்ணியின் விசில் ஒரு தரம் கேட்டு ஓய்ந்தது.

"பத்து எண்ணுற வரைக்கும்" என்றார்.

"இருபது."

"விளையாட்டு இல்லைம்மா இது."

"தெரியும். இருபது."

"இருபது முடிஞ்சதும் கையை என் சட்டைக்குள்ள விட்டு அக்குள்ள வெச்சிடணும். யாரு பார்த்தாலும் சரி. கிடங்குல நாங்க அப்படித்தான் செய்வோம்."

"சரி."

அவர் எழுந்து பேனாவை வாங்கிக்கொண்டார். கிழிந்த தாளை உள்ளங்கையால் நீவிவிட்டு, இரண்டாம் நாள் கட்டத்தில் இடம் தேடி எழுதினார்: காலை பத்து மணி. விடுதி வாசல். பனி. வெறுங்கை. 20.

அவள் அதை ஒரு தரம் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"யாரு எண்ணுறது?"

"நான்தான்." அவர் பேனாவை மூடினார். "மெதுவாத்தான் எண்ணுவேன்."